மெரூன் பொட்டு வைத்த பட்டன்

மச்சான்,

முந்தாநாள் மேனாம்பேட்டில் பெய்ததை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். ஏழு சமுத்திரமும் கூடிப் பேசி எங்கள் தெருவுக்குக் குடிவந்துவிட்டன. வாசலில் நின்ற என் ஸ்கூட்டர் கப்பல் படையில் சேர விண்ணப்பம் போட்டிருக்கும், அவ்வளவு தண்ணீர். அந்த ஈரக் காற்று வீட்டுக்குள் நுழைந்து, துணியை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் என் கீபோர்டின் மேல் உட்கார்ந்தது. உடனே கிளம்பியது சந்தன வாசனை.

கம்ப்யூட்டர் மேசையில் தூசி நாறலாம், கொட்டிய டீ நாறலாம். சந்தனம் மணக்கலாமா? மணக்கிறது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை மாதம் கழித்தும், உன் வீட்டு ஆயுத பூசைச் சந்தனம் அந்த மெரூன் பொட்டு ஒட்டிய பட்டனுக்கு அடியில் குடியிருந்துகொண்டு, மழை வந்தால் எழுந்து வணக்கம் வைக்கிறது. ஊதிப் பார்த்தேன். பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். இமயமலையை நகர்த்தி ஆவடிப் பக்கம் வைக்கச் சொன்னால்கூட யோசித்துப் பார்ப்பேன். உன் மனைவி கோமதி வைத்த சந்தனத்தை நகர்த்த என்னால் ஆகாது.

வாசனையைப் புகழ்ந்து எழுத உட்காரவில்லை. உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது திட்டினால் நடுவில் குறுக்கிட்டுச் சிரிப்பாய். இப்போதாவது முழுதாகக் கேள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்த நம் கம்பெனியை நினைத்துப்பார். நான் ஸ்டோர்ஸ் என்னும் மாபெரும் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி. போல்ட்டும் நட்டும் என் குடிமக்கள். நீயோ கம்ப்யூட்டரில் இயங்கும் கடைசல் மெஷினுக்கு புரோகிராம் எழுதுகிறவன். ஒரு தடவை எழுதிப் போட்டுவிட்டு, மெஷின் அதே பீஸை நாளெல்லாம் வெட்டித் தள்ள, நீ பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்பாய். மானேஜர் முறைத்தால் உன் மந்திரத்தைச் சொல்வாய்: “ஒரே வேலைய ரெண்டாவது தபா கையால செய்றவன் மனுசனே இல்ல சார்.”

அதைக் கேட்டு நான் சிரித்தேன் பார், அங்கே ஆரம்பித்தது என் கேடு.

நோய்க்காலத்தில் கம்பெனியை மூடிவைத்திருந்தார்களே, அப்போது நீ அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாய். இணையத்தில் ஓர் உலகம். உள்ளே காடு, கோட்டை, சதுப்பு நிலம், நெருப்புக் கக்கும் ஜந்துக்கள். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, குழுவாகச் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். “வா மாமே, ஊட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற?” என்று கூப்பிட்டாய். ஊரடங்கு தளர்ந்ததும் உன் நெமிலிச்சேரி வீட்டு முன்னறையில் எனக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டினாய். ஞாயிறு சாயங்காலம் என்றால் மேனாம்பேட்டிலிருந்து புறப்பட்டு வந்துவிடுவேன். மின்சார ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும். என் ராஜ்ஜியமே அதிர்வதாக நினைத்துக்கொள்வேன்.

நீ கோடாலி ஏந்திய அரக்கன். பெயர் நைனா. நான் மருத்துவன். ‘அகிலாண்ட மகாவைத்தியன்’ என்று பெயர் வைக்க நினைத்தேன். அந்த விளையாட்டோ இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று பாதியில் வெட்டி, ‘அகிலா’ என்று நிறுத்திவிட்டது. தாடி வைத்த அகிலா! அன்று முதல் குழுவில் நான் அகிலா சார்.

குழுத் தலைவி காட்டுப்பாக்கத்து ஷீலா. பகலில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஞாயிறு சாயங்காலம் காதில் மாட்டும் மைக் வழியாக நம்மை எல்லாம் அதட்டி மேய்க்கும் சேனாதிபதி. மற்றவர்கள் நாலா திசையிலும் இருந்தார்கள். பிரேசிலில் இருந்துகூட ஒருவர். அவர் பெயரை வாயில் நுழைக்க முடியாமல் நாம் அவரை ‘பிரேசில்’ என்றே கூப்பிட்டோம். அந்த நாடும் ஆட்சேபிக்கவில்லை.

என் வைத்திய லட்சணம் உனக்குத் தெரியும். அடிபட்டவரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன், மருந்தைத் தேர்ந்தெடுக்க ஒன்று, குறி பார்க்க ஒன்று, கொடுக்க ஒன்று. நான் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்துவதற்குள் நோயாளி செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாரிசுகள் நிலத்தைப் பங்கு பிரித்திருப்பார்கள். ஷீலா ஒருநாள் பொறுமை இழந்து, “சார், எங்க வார்டுல மயக்க ஊசி போட்டவங்ககூட உங்கள விட வேகமா இருப்பாங்க” என்றாள்.

“அழாத மாமே, நான் கீறேன்” என்றாய். அந்த வாரமே அந்த விளையாட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஓர் ஆட்-ஆனைப் பிடித்துவந்தாய். சின்ன நிரல். அதில் மேக்ரோ எழுதினால், நாலு பட்டன் வேலையை ஒரே பட்டன் செய்யும். மெஷினுக்கு எழுதுவதுபோல எனக்கும் எழுதினாய். நான் மறந்துவிடுவேன் என்று, கோமதியின் ஸ்டிக்கர் பொட்டுகளைக் கிள்ளியெடுத்து பட்டன்களில் ஒட்டினாய். பெரிய மெரூன் பொட்டு, வைத்தியம். பச்சைப் பொட்டு, ஓட்டம். கறுப்புப் பொட்டு, நைனாவின் பின்னாலேயே போ. நான் எந்தக் காட்டில் விட்டாலும் வழி தெரியாமல் திரிகிறவன். கறுப்பை அழுத்தினால் நாய்க்குட்டி மாதிரி உன் அரக்கன் பின்னால் நடந்து வந்துவிடுவேன்.

உள்ளே இருந்து கோமதி கத்தினாள்: “யோவ், நாளிக்கு கல்யாணத்துக்குப் போவணும், ஒரு பொட்டுகூட இல்ல. யாருக்குய்யா வெச்ச?”

“மாமனுக்கு!” என்றாய். அந்த வீட்டில் என் மரியாதை அன்றோடு முடிந்தது.

அதையாவது மன்னிக்கலாம். அடுத்தது மன்னிக்கவே முடியாதது. மருந்து கொடுக்கும்போது அரட்டைப் பெட்டியில் தானாக ஒரு வரி விழும்படி செய்யலாம் என்றாய். நான் இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து யோசித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். ‘எழுக வீரனே! உன் குருதி ஆறெனப் பெருகுக! பகைவர் நடுங்குக!’ கல்வெட்டில் பொறிக்க வேண்டிய வரி. நீ படித்துவிட்டு, “சூப்பர் மாமே” என்று தலையாட்டினாய்.

முதல் சண்டையில் மெரூன் பொட்டை அழுத்தினேன். பிரேசிலுக்கு மருந்து போனது. அரட்டைப் பெட்டியில், ஆங்கில எழுத்தில், என் பெயரில் வந்து விழுந்தது: “சாப்ட்டியா?”

“டேய்! என் வரி எங்கடா?”

“அது நீட்டு மாமே. அத படிச்சி முடிக்கிறதுக்குள்ள அவன் செத்துடுவான்.”

“அதுக்காக? நெருப்புல நிக்கறவன்கிட்ட சாப்ட்டியான்னா கேப்பாங்க?”

“ஆஸ்பத்திரில படுத்துகினு கீறவன இன்னா கேப்ப? குருதி பெருகுகன்னா கேப்ப? பயந்துடுவான் மாமே.”

ஷீலா மைக்கில் சிரித்த சிரிப்பில் காட்டுப்பாக்கமே எழுந்து வெளியே வந்து பார்த்திருக்கும். பிரேசிலுக்கு அர்த்தத்தை விளக்கினாள். அடுத்த முறை மருந்து போனபோது அந்த மனிதர் பதில் அனுப்பினார்: “சாப்ட்டாச்சு.” அப்புறம் குழுவில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நான் மருந்து கொடுத்தால் சாப்ட்டியா, அவர்கள் பிழைத்தால் சாப்ட்டாச்சு. அகிலாண்டத்தையே ஆட்டிப்படைக்க வந்த மகாவைத்தியன், பந்தி விசாரிக்கும் சமையல் கான்ட்ராக்டராகிவிட்டேன். மாற்று என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். “அடுத்த வாரம் மாமே” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னாய்.

அந்த ஆயுத பூசையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் வீட்டில் அன்று கருவி எதையும் தொடக்கூடாது. ஸ்பேனர், வெர்னியர், கோமதியின் அரிவாள்மணை எல்லாம் படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றோடு நம் இரண்டு கீபோர்டுகளும். சோறு போடுகிற ஆயுதம் மட்டும்தானா ஆயுதம், சந்தோஷம் போடுகிறதும் ஆயுதம்தான் என்பது உன் வாதம். சரி. ஆனால் அன்றைக்குத்தான் அந்த விளையாட்டில் மருத்துவர் திருவிழா. தலைநகர வாசலில் நாள் முழுக்க நின்று வருவோர் போவோருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தால், வெள்ளி அங்கி ஒன்று கொடுப்பார்கள். அந்த அங்கிக்காக நான் சொத்தையும் எழுதி வைத்திருப்பேன்.

“கைதான மாமே வெக்கக் கூடாது? மேக்ரோ வெக்கலாம்” என்றாய். பூசைக்கு முன்பே எல்லாம் செய்து வைத்தாய். யார் பக்கத்தில் வந்தாலும் ஆட்-ஆன் தானாக, மனிதன் மாதிரி நிதானமாக, மருந்து கொடுத்து விசாரிக்கும். கீபோர்டின் வயர் மட்டும் பூசையிலிருந்து மேசை வரை நீண்டு கிடந்தது.

கோமதி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், என் கீபோர்டைப் பார்த்தாள். அதில் ஏற்கெனவே பொட்டு வைக்கும் இடம் தெளிவாகத் தெரிந்தது. வேறெங்கே வைப்பாள் பாவம்? கட்டை விரலால் மெரூன் பொட்டின் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்து, நன்றாக அழுத்தினாள். பட்டன் உள்ளே போனது. போனது போனதுதான். வெளியே வரவில்லை.

திரையில் என் மருத்துவனுக்குப் பேய் பிடித்தது. சாப்ட்டியா சாப்ட்டியா சாப்ட்டியா என்று அருவியாகக் கொட்டியது. குதிரைக்கு மருந்து, மரத்துக்கு மருந்து, கோட்டைக் காவலனுக்கு மருந்து. சண்டையே இல்லாத ஊரில் பொழுதுக்கும் வைத்தியம். வெளிநாட்டு ஆட்கள் வளைத்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“மச்சான், பட்டனை எடுடா!”

நீ குனியப் போனாய். கோமதி கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். “கைய வெச்சிப் பாரு, அப்பறம் தெரியும் சேதி.”

அப்படியே நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாய். இருவரும் கைகூப்பியபடி நின்று என் மானம் கப்பலேறுவதைப் பார்த்தோம். அந்தச் சமயத்தில் விளையாட்டை நடத்துகிறவர்களின் மேற்பார்வையாளர் ஒருவர் நீல அங்கியில் என் மருத்துவன் எதிரே தோன்றினார். நீங்கள் மனிதர்தானா, அங்கே இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாப்ட்டியா? என்றேன். தயவுசெய்து பதில் சொல்லுங்கள் என்றார். சாப்ட்டியா? சாப்ட்டியா? என்றேன். போதாக்குறைக்கு அவருக்கும் மருந்து கொடுத்தேன். அடுத்த நொடி திரை கறுத்தது. கணக்கு முடக்கம்.

நீ தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். “விசாரிக்க வந்தவனையே விசாரிச்சிட்டியே மாமே!” கற்பூரம் அணைந்த பிறகும் சிரித்தாய். நானோ வெள்ளி அங்கி போன துக்கத்தில் சுண்டலைக்கூட இரண்டாம் முறை நீட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நீயே மன்னிப்புக் கடிதம் எழுதினாய். உன் ஆங்கிலத்தில். ஐயா, நேற்று எங்கள் ஆயுதங்களுக்கு விடுமுறை. என் நண்பரின் கீபோர்டு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது. தவறு என் நண்பருடையது இல்லை, சந்தனத்துடையது. இதுதான் சாராம்சம். ஆயுசுக்கும் கதவு திறக்காது என்று நினைத்தேன். ஒரு கண்டிப்போடு திறந்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்தவர் எந்தத் தேசத்தில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தாரோ!

பட்டனை நெம்பி எடுத்துச் சரிசெய்தாய். சந்தனம் மட்டும் அடியில் தங்கிவிட்டது.

இந்தத் தை மாதம் நீ போனாய். வேலைக்குக் கிளம்பியவன், ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாது உனக்கு. இதிலும் ஒரே பட்டன். காரியம் எல்லாம் முடிந்த பிறகு கோமதி என் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மேனாம்பேட்டுக்கே வந்துவிட்டாள். “நீயே வெச்சுக்க அண்ணா. இத பாத்தாலே எனக்குக் கோவமா வருது. எவ்ளோ பொட்டு!” என்றாள். கோபமாக வரும் முகம் அது இல்லை.

அந்த வாரம் உள்ளே நுழைந்து, பழக்கத்தில் கறுப்புப் பொட்டை அழுத்தினேன். பின்தொடர அருகில் அப்படி யாரும் இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எனக்குத் தெரியாதா? எங்கோ இருக்கும் ஒரு மென்பொருள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறதாம்! சதுப்பு நிலத்தில் வழி தெரியாமல் வெகுநேரம் சுற்றினேன். ஷீலாதான் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மெரூன் பொட்டு மட்டும் வேலை செய்தது. ஒவ்வொரு ஞாயிறும் அதை அழுத்தினேன், ஒவ்வொரு முறையும் நீ என் பெயரில் வந்து சாப்ட்டியா என்று கேட்டாய். நான் ஒரு ஞாயிறுகூட மாற்றச் சொல்லவில்லை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

இப்போது வருகிறேன் என் தலையாய வயிற்றெரிச்சலுக்கு. புதிய அப்டேட் ஒன்று வந்திருக்கிறது. அதற்குப் பின் இந்த மாதிரி ஆட்-ஆன் எதுவும் ஓடாது. அவரவர் கையால் ஆட வேண்டுமாம். அப்டேட் செய்யாவிட்டால் உள்ளேயே நுழைய முடியாது. ஷீலா போன் செய்தாள்.

“சார், ஞாயித்துக்கெழம புது ஃபைட். அப்டேட் பண்ணிட்டீங்களா?”

“பண்ணினா மேக்ரோ எல்லாம் போயிடுமேம்மா.”

“எல்லாருக்கும்தான் சார் போவுது. கையால ஆடுங்க.”

“என் கை லட்சணம் தெரியாதா உனக்கு?”

மெதுவாகக் கேட்டாள். “கோச்சிக்காதீங்க சார். மருந்து தர வேற ஆள் பாக்கட்டுமா? நீங்க சும்மா வந்து குந்திகினு பாருங்க.”

சும்மா வந்து குந்துவதா! அகிலாண்டத்தின் மகாவைத்தியனா! உலகத்தில் உன்னை நைனா என்று கூப்பிட இன்னும் நாலு பேர் கூடுகிற இடம் அது ஒன்றுதான். அங்கே நான் வேடிக்கை பார்க்கிற கிழவனாக உட்காருவதா? “ஒரு வாரம் குடும்மா. இந்த ஞாயிறு நான் தேறலைன்னா வேற ஆளப் பாத்துக்க” என்று வீரமாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் உன் மேக்ரோவைத் திறந்து பார்த்தேன், எதையாவது காப்பாற்றி வைக்கலாமென்று. தலைகீழாகப் பிடித்த ஜாதகம் மாதிரி இருந்தது. கம்பெனியில் பத்துப் பேருக்கு மெஷின் கற்றுத் தந்தவன், எனக்கு இதை ஒருநாள் சொல்லித் தந்திருக்கக்கூடாதா? வேர்க்கடலை தின்ன மட்டும் நேரம் இருந்தது உனக்கு. கண்ணை மூடிக்கொண்டு அப்டேட்டை அழுத்தினேன். உன் எழுத்து முழுவதும் போனது. வெறும் பொட்டுகள் மிச்சம்.

வாரம் முழுக்க விரல் பயிற்சி. என் மனைவி சமையலறையிலிருந்து, “என்ன, ஆர்மோனியம் வாசிக்கிறீங்களா? பாட்டே வரலியே” என்று கேட்டாள். விரல்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டு விவாகரத்துக் கேட்டன. இரவு தூக்கத்தில் அவள் முதுகில் நாலு பட்டன் அழுத்தினேனாம். விடிந்ததும் புகார் வந்தது.

நேற்று ஞாயிறு. மழையில் கரண்ட் போகாமல் இருந்ததே அதிசயம். எதிரே மலையளவு தேரைத் தவளை ஒன்று, வாயைத் திறந்தால் நெருப்பு. ஷீலா கத்துகிறாள். பிரேசில் முன்னால் நிற்கிறார், உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் ஆளைத் தேர்ந்தெடுத்தேன். மருந்தைத் தேர்ந்தெடுத்தேன். குறி பார்த்தேன். கொடுத்தேன். போய்ச் சேர்ந்தது மச்சான்! மனிதர் பிழைத்து நிமிர்ந்தார். என் கையால், மேக்ரோ இல்லாமல், நான் பிழைக்க வைத்த முதல் உயிர்.

அரட்டைப் பெட்டி காலியாக இருந்தது. ஒன்றும் விழவில்லை.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தேரையை விட்டேன், ஓடுவதை விட்டேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். “சாப்ட்டியா?”

“அகிலா சார்! டைப் பண்ணிகினா கீறீங்க? அங்க எரியுது சார், நவுருங்க!” என்று ஷீலா அலறியது காதில் விழுந்தபோது தேரை என்னைச் சுட்டு முடித்திருந்தது. மருத்துவன் போனால் குழு எத்தனை நேரம் நிற்கும்? ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். படுதோல்வி. சாம்பல் மேட்டில் எல்லோரும் வரிசையாகப் படுத்துக் கிடந்தோம்.

முதலில் பிரேசில் அனுப்பினார்: “சாப்ட்டாச்சு.” அப்புறம் இன்னொருவர். அப்புறம் எல்லோரும். செத்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாப்ட்டாச்சு சொன்னார்கள். மைக்கில் ஷீலாவின் குரல் வந்தது. “அடுத்த வாரம் அர மணி முன்னாடியே வாங்க சார். பிராக்டீஸ் பண்ணுவோம். மொதல்ல நவுருங்க, அப்பறம் விசாரிங்க, சரியா?” வேறு ஆளைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கடைசியாகப் பிரேசிலிடமிருந்து இன்னொன்று வந்தது. ஷீலாவிடம் கேட்டு எழுதியிருப்பார். “நீங்க சாப்ட்டீங்களா?”

இத்தனை ஞாயிறில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதற்கு நீ பதில் ஒன்றும் எழுதி வைக்கவும் இல்லை, படுபாவி. “இன்னும் இல்ல” என்று நானே அடித்தேன். சமையலறையில் தோசைக்கல் சூடாகிற சத்தம் கேட்டது.

ஒரே வேலையை ரெண்டாவது தபா கையால செய்றவன் மனுசனே இல்ல என்பாய். அடுத்த ஞாயிறு அந்த ஒரு சொல்லைக் கையால் அடிப்பேன். அதற்கடுத்த ஞாயிறும். எழுத்தெழுத்தாக, நெருப்பில் நின்றுகொண்டு. உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள்.